ஆம்பல் கும்பிடுகிறாள்

ஆகஸ்ட் 3

ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் கைடு, இரண்டாம் மெய்ப்பு. பாதியில் நிற்கிறது.

வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறேன். சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் குறி போட்டு அனுப்புவேன். அச்சகத்தில் டிடிபி செய்யும் பிரேம்நாத் அதைப் பார்த்துக் கணினியில் மாற்றுவான். மாற்ற வேண்டும். சென்ற முறை ஒரு பத்தியின் ஓரத்தில் ‘இந்த வரி வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். இன்று வந்த தாளில் இப்படி இருக்கிறது: ‘பாண்டியர் துறைமுகங்களில் கொற்கை முதன்மையானது. இந்த வரி வேண்டாம்.’

போன் செய்தேன்.

“நீங்க எழுதுனதைத்தானக்கா அடிச்சேன்.”

“அது உனக்கு எழுதுனதுடா. புத்தகத்துக்கு இல்ல.”

“அப்ப மேல ‘பிரேமுக்கு’ன்னு போடுங்கக்கா. எனக்கெப்படித் தெரியும்?”

சிரித்துவிட்டேன். சத்தத்தில் ஆம்பல் விழித்துக்கொண்டாள். ஒன்றேகால் வயது. எழுந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக் ‘காக்கா’ என்பாள். இன்று காக்கா வந்து கம்பியில் உட்கார்ந்தது. பார்த்தாள். சொல்லவில்லை.

தூக்கம் கலையவில்லை போலும்.

ஆகஸ்ட் 7

பிஸ்கட் அவள் கையில் நிற்கவில்லை. கொடுக்கிறேன், விழுகிறது. எடுத்துக் கொடுக்கிறேன், விழுகிறது.

வியர்வை. மதுரையில் எதுவும் கையில் நிற்காது.

ஆகஸ்ட் 16

ஞாயிறு. திருமங்கலத்திலிருந்து அம்மா வந்தாள். மகளைப் பார்க்க வருகிறாயா, தம்பியைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டால், ரெண்டுக்கும் ஒரே பஸ்தானே என்பாள். என் கணவர் பாண்டிச்செல்வம் அவளுடைய கடைசித் தம்பி. எனக்குப் பிறந்ததிலிருந்து மாமா. எம்.ஃபில். முடித்த மாதமே கல்யாணம். அதற்குப் பிறகும் அவரை மாமா என்றே கூப்பிடுகிறேன். அது ஒன்றுதான் மாறவில்லை.

சாப்பாட்டு நேரம். ஆம்பலைப் பாயில் உட்கார வைத்திருந்தேன். அவளுடைய இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே வந்தன. விரல்கள் சேர்ந்தன.

“ஏ நாகு, இங்க ஓடியா! உம்மக கும்பிடுறாடீ!”

மாமா சோற்றுத் தட்டோடு எழுந்து வந்தார். பக்கத்து வீட்டு சகாயமேரி அக்காவும் வந்துவிட்டாள்.

“கும்பிடல மதினி, ஜெபம் பண்ணுது. கண்ணு எப்படி நிக்குதுன்னு பாருங்க.”

“ஆமா, உங்க சபையில போயிப் பேரு குடுத்துட்டு வந்துருக்கா. போவியா!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டாள். வெளிச்சம் போவதற்குள் ஊர் முழுக்கக் கை கூப்பிப் பதில் அனுப்பியிருந்தது.

நானும் சிரித்தேன். பிறகு பாத்திரம் கழுவும்போது ஒன்று தோன்றியது. கும்பிட அவளுக்கு யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 25

‘மா’ இல்லை. ‘மா’ என்று முன்பு சொன்னது என்னைத்தானா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. எனவே போனது என்று எதையும் சொல்ல முடியாது.

செப்டம்பர் 6

அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். யாரோ வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அவளுடைய மகளுக்கு மூன்று வரன் தட்டிப்போய்விட்டதாம். எங்கள் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு முன்னால், ஆம்பலின் எதிரே மண்டியிட்டாள்.

“தாயி, எம்பிள்ளைக்கு ஒரு வழியக் காட்டு.”

ஆம்பல் கும்பிட்டாள். அந்தப் பெண் அழுதாள். அம்மா திருநீற்றுத் தட்டை நீட்டினாள், கோயில் பூசாரி போல. நான் தடுக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து, செருப்பைப் போட்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள்.

கைகள் அப்படியே இருந்தன. கசங்கிக்கொண்டிருந்தன. ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு கை இன்னொன்றைப் பிழிந்துகொண்டிருந்தது.

கும்பிடு என்றால் எப்போதாவது கை இறங்க வேண்டும்.

விரல் முட்டிகளில் தோல் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

செப்டம்பர் 11

இன்று ஒன்று செய்து பார்த்தேன். அவள் கைகளைப் பிரித்து, பக்கத்துக்கு ஒன்றாக என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். பொத்தினாற்போல, இறுக்காமல். ஆம்பல் கத்தினாள். பசிக் கத்தல் இல்லை, வலிக் கத்தல் இல்லை. இதுவரை கேட்டிராத ஒன்று.

விட்டேன். கைகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டன. அவளைக் கேட்காமல்.

அவளைக் கேட்காமல் என்று ஏன் எழுதினேன்?

செப்டம்பர் 17

‘பயப்பட ஒன்றும் இல்லை’ என்று எழுதினேன். படித்தேன். அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 22

குழந்தை மருத்துவர். வழக்கமாகத் தடுப்பூசி போடுகிறவர். மாமா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். மின்வாரியத்தில் அரைநாள் கிடைப்பது லேசில்லை, நான் கேட்கவும் இல்லை.

“சில பிள்ளைங்களுக்குப் பேச்சு லேட்டா வரும்,” என்றார் டாக்டர்.

“லேட்டாலாம் இல்ல சார்,” என்றார் மாமா. “வந்துட்டுப் போச்சு. காக்கான்னு சொல்லுவா. தா-ன்னு சொல்லுவா. வண்டிச் சாவியப் புடுங்குவா. ஜூலையிலருந்து ஒவ்வொண்ணா நின்னுச்சு.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். ஜூலை. நான் ஆகஸ்ட் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்பே பயந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

டாக்டர் தலையைச் சுற்றி டேப் வைத்தார். முகம் மாறியது. தலை வளர வேண்டிய அளவு வளரவில்லையாம்.

“சொந்தத்துல கட்டுனீங்களா?”

“தாய்மாமன்.”

சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். ஏதோ ஒன்று விளங்கிவிட்டவர் போல ‘ம்’ என்றார். அந்த ‘ம்’மைக் கேட்டதும் மாமா தரையைப் பார்த்தார். எனக்குள் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 3

பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்கான நரம்பியல் மருத்துவர் ஜெசிந்தா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி உட்கார்ந்தார். ஆம்பலை எதிரே வைத்து, வண்ணக் கட்டைகளைப் பரப்பினார். ஆம்பல் கட்டைகளைப் பார்த்தாள், மஞ்சளை, வெகுநேரம். கைகள் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

“டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லுது பாருங்க,” என்றாள் அம்மா. “எங்க போனாலும் இப்படித்தேன். பழக்கவே இல்ல. தானா வந்துச்சு.”

டாக்டர் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

“கைய வச்சு வேற என்னம்மா செய்வா?”

அம்மா ஒரு கட்டையை எடுத்து ஆம்பலின் விரல்களுக்கு நடுவே வைத்தாள். அது விழுந்தது.

ஆம்பலுக்கும் எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெயரைச் சொன்னார். ரெட் சிண்ட்ரோம். உறுதியில்லை, சோதனை முடிவு வர வாரங்கள் ஆகும், அதுவரை இணையத்தில் தேடாதீர்கள் என்றார். எப்படி வருகிறது என்று கேட்டேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“எல்லாச் செல்லுலயும் முழு டிஎன்ஏவும் இருக்கு. ஆனா மூளைச் செல்லுக்கு அம்புட்டும் தேவையில்ல. எதெது அடங்கி இருக்கணும்னு டிஎன்ஏ மேலயே சின்னச் சின்னக் குறி விழும். மெத்தில்னு சொல்லுவோம். ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன், அவ்வளவுதான். எழுத்து மாறாது. மேல குறி மட்டும். பிறந்த பிறகு, முதல் சில வருஷத்துல, மூளையில இந்தக் குறி மளமளன்னு கூடும்.”

“இவளுக்கு அது தப்பா விழுந்துருக்கா?”

“நான் நினைக்கிறது சரின்னா, குறியில தப்பு இருக்காது. குறியப் படிக்கிறதுக்குன்னு ஒரு புரதம் இருக்கு. அத உண்டாக்குற மரபணுவுலதான் கோளாறு. குறி இருக்கு. படிக்க ஆள் இல்ல.”

அக்டோபர் 5

தேடாதீர்கள் என்றார். தேடினேன்.

ஆறு மாதம், ஒரு வயது, ஒன்றரை வயது வரை எல்லாம் சரியாக இருப்பதுபோல் இருக்கும். பிறகு கை போகும். பேச்சு போகும். நடை போகலாம். வலிப்பு வரலாம். மூச்சு திடீரென்று நின்று திரும்ப வரலாம். பெரும்பாலும் பெண் குழந்தைகள்.

சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரேம்நாத்தை நினைத்தேன். ஓரமெல்லாம் குறி போட்டு அனுப்புகிறேன். அந்தப் பக்கம் படிக்க ஆள் இல்லை. அடித்த வரியும் அச்சாகிறது, அடிக்காத வரியும் அச்சாகிறது. முதல் சில பக்கங்களில் திருத்தம் குறைவு, எனவே யாருக்கும் தெரிவதில்லை. பக்கம் போகப் போகக் குறிகள் கூடுகின்றன. தாறுமாறு. வேண்டாத வரிகள் எல்லாம் மெல்லிய குரலில் பேச ஆரம்பிக்கின்றன. எல்லாம் சேர்ந்து பேசினால் ‘காக்கா’ எங்கே கேட்கும்?

இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. எனக்குப் புரிகிற மொழியில் நான் எழுதிக்கொள்கிறேன்.

புரிந்ததும் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 19

சரஸ்வதி பூசை. கைடுகள், பேனா, மாமாவின் ஸ்க்ரூடிரைவர் செட் எல்லாம் பலகையில் ஏறிவிட்டன. இன்று எதையும் படிக்கக் கூடாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

அம்மா ஆம்பலுக்குப் பட்டுப்பாவாடை கட்டிப் படத்துக்கு முன்னால் உட்கார வைத்தாள். போனை எடுத்தாள்.

“வீடியோ வேண்டாம்மா.”

“ஏன்டி? நாள் கிழமையில எம்புட்டு அழகா கும்பிடுது.”

“கும்பிடல.”

“என்னது?”

“கும்பிடலம்மா. அது நோய். கை அதுபாட்டுக்கு ஓடுது. அவளால நிறுத்த முடியல. பிஸ்கட்ட எடுக்க முடியல, என்னப் பிடிக்க முடியல. அத நாம கும்பிடுறான்னு சொல்லி ஊருக்கெல்லாம் அனுப்பிக்கிட்டு இருக்கோம்.”

மாமா சூடத்தை ஏற்றாமல் நின்றார்.

அம்மா போனைத் தலைகீழாகப் பலகையில் வைத்தாள்.

“எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? மூணு பிள்ளைக்குக் கால் நீட்டிப்போட்டு எண்ணெய் தேச்சு வளத்தவ நான். ஒரு பிள்ளை கையி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?” குரல் உடையவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். “கும்பிடுதுன்னு சொன்னா எல்லாரும் கும்பிடுதுன்னு பாப்பாக. இல்லன்னா என்னத்தப் பாப்பாக? அக்காமகளத் தம்பிக்குக் கட்டிவச்சா பாரு ஒருத்தி, அவள வந்து பாப்பாக.”

“அக்கா,” என்றார் மாமா.

“நீ சும்மா இருடா. வேற எடத்துல குடுங்கன்னு இவ அப்பவே சொன்னா. நாந்தேன் கேக்கல.”

நான் அப்படிச் சொன்னது மாமாவுக்கு இதுவரை தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது அம்மாவுக்கும் தெரியாது. அவர் சூடத்தை ஏற்றினார். தீ அவர் விரலருகே வந்த பிறகும் தட்டைக் கீழே வைக்கவில்லை.

அக்டோபர் 28

முடிவு வரவில்லை.

ஆம்பல் காலையிலிருந்து கத்துகிறாள். மடியில் கத்துகிறாள், தோளில் கத்துகிறாள், தொட்டிலில் கத்துகிறாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள். நிறுத்தியதுதான் பயமாக இருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

இப்போது எப்போதும் விரலை வைத்துப் பார்க்கிறேன்.

நவம்பர் 8

தீபாவளி. எங்கள் தெருவில் இந்த வருடம் வெடி இல்லை. மாமா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார் போல. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பூசைக்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

நவம்பர் 13

ரெட் தான்.

டாக்டர் ஜெசிந்தா இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அம்மா உட்கார மறுத்தாள். நின்றபடியே கேட்டாள்.

“சொந்தத்துல கட்டுனதாலதான?”

“இல்லம்மா. அப்படி வர்ற நோய் வேற இருக்கு. இது அந்தச் சேர்த்தி இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யாருக்கு யாரக் கட்டிவச்சிருந்தாலும் நடந்துருக்கும். அப்பா அம்மா ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்த மாற்றம் இல்ல. இவகிட்டப் புதுசா வந்தது.”

அம்மா உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பீங்களா?” என்றாள். “ஊர்ல கேப்பாக.”

டாக்டர் எழுதிக் கொடுத்தார். தமிழில், கொட்டை எழுத்தில். ‘சம்பந்தம்’ என்பதில் ம் ஒன்று விட்டுப்போயிருந்தது. என் கை தானாகப் பேனாவைத் தேடியது.

எனக்கு ஒரு சுவர் இருந்தது. இத்தனை வாரம் அதில் சாய்ந்து நின்றிருக்கிறேன். இந்தக் கல்யாணத்தால்தான், இவர்களால்தான் என்று. அந்தச் சுவரை எடுத்துவிட்டார்கள். பின்னால் ஒன்றுமே இல்லை.

“மருந்து?” என்றார் மாமா.

“முழுசா குணமாக்க இப்ப இல்ல. ஆராய்ச்சி நடக்குது. பொய் நம்பிக்கை தர மாட்டேன். வலிப்பு வந்தா பாத்துக்கலாம், கைக்கும் காலுக்கும் பயிற்சி தரலாம். ஆனா ஒண்ணு சொல்றேன். இதுல மூளைச் செல் செத்துப்போறதில்ல. சரியா வேலை செய்ய முடியாம இருக்கு, அவ்வளவுதான். அவ உள்ள இருக்கா. கையையும் வாயையும் பாக்காதீங்க. கண்ணைப் பாருங்க.”

நவம்பர் 15

மறுபடியும் தேடினேன். புதிதாக வருவதென்றால் எங்கிருந்து? பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும் சமயத்தில் அந்த மாற்றம் நேர்கிறது என்று போட்டிருந்தது. யாருடைய தவறும் இல்லை என்று அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. முதல் வரியைப் படித்தவர்கள் இரண்டாவது வரிக்குப் போக மாட்டார்கள்.

மாமா தரையில் கால் நீட்டி, ஆம்பலை மேலே படுக்க வைத்து, அவள் முட்டிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலாக.

“என்ன படிக்கிற? முகமே சரியில்ல.”

“ஒண்ணுமில்ல மாமா. கைடுல ஒரு பிழை.”

“பிரேம் வேலையா?”

“ஆமா.”

அவர் சிரித்தார். அக்டோபருக்குப் பிறகு முதல்முறை. பக்கத்தை மூடினேன்.

நவம்பர் 24

மதியம். ஆம்பலை உள் அறையில் தலையணைகளுக்கு நடுவே சாய்த்து உட்கார வைத்தேன். கதவு திறந்திருந்தது. வரவேற்பறையில் அம்மாவும் சகாயமேரி அக்காவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

இடது கையில் தண்ணீர் டம்ளர். வலது கையில் வாழைப்பழம். அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“ஆம்பு. எது வேணும்?”

ஒன்றும் இல்லை. கைகள் பிழிந்துகொண்டிருந்தன. மூச்சு வேகமாகி, நின்று, வந்தது. என் கை வலிக்க ஆரம்பித்தது. இறக்கலாம் என்று நினைத்தபோது அவள் கண்கள் நகர்ந்தன. டம்ளருக்கு. அங்கே நின்றன.

தற்செயல்.

டம்ளரை வலது கைக்கு மாற்றினேன். பழத்தை இடதுக்கு. மறுபடி காத்திருந்தேன். மிக மெதுவாக, கனமான ஏதோ ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவது போல, கண்கள் மறுபக்கம் போயின. டம்ளர்.

மூன்றாம் முறை செய்யப் பயமாக இருந்தது. இரண்டோடு நிறுத்தினால் என்னிடம் ஏதோ ஒன்று இருக்கும். மூன்றாவதில் பொய்த்தால் அதுவும் போகும். இருந்தாலும் மாற்றினேன். இந்த முறை டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கினேன். பழத்தைக் கீழே பாயருகே வைத்தேன்.

ஆம்பல் மேலே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மேலே. ஏன் இவள் கொடுக்கவே மாட்டேன் என்கிறாள் என்று கேட்பது போல.

கொடுத்தேன். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அதற்கு முன் வேறொன்று வந்தது.

இருக்கிறாள். அப்படியென்றால் நடுவில் எங்கும் போயிருக்கவில்லை. அந்தப் பெண் மண்டியிட்டபோது இருந்தாள். பூசையன்று நான் ‘அது நோய்’ என்றபோது பட்டுப்பாவாடையோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், அவள் தலைக்கு மேலே நாங்கள் பேசிய ஒவ்வொன்றின்போதும். எது அடங்க வேண்டும், எது அடங்கக் கூடாது என்று படிக்க ஆள் இல்லாத ஒரு தலைக்குள், எல்லாமே போய் விழுந்திருக்கிறது.

வரவேற்பறையில் சகாயமேரி அக்கா கேட்பது காதில் விழுந்தது.

“இது வளந்து பெரிய மனுசியானா என்ன மதினி செய்வீக?”

“அதத்தேன் நானும் நினைக்கேன். நான் இருக்கவரைக்கும் நான். அப்புறம் இதுக ரெண்டும். அதுக்கப்புறம்?” கீரைத் தண்டு ஒடிகிற சத்தம். “சாமி முன்னாடியே கூப்பிட்டுக்கிட்டா நல்லதுன்னுகூடத் தோணுது மேரி. அதுக்கென்ன தெரியப்போகுது.”

ஆம்பலின் கண்கள் என்னை விட்டுக் கதவுப் பக்கம் போயின. மெதுவாக. போய் நின்றன.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“அம்மா, பேசாத. அவ கேட்டுக்கிட்டு இருக்கா.”